நெஃபாசித்துக்கு மேலே

மசாவாவில் கிளம்பும்போது நல்ல பிள்ளை.
உப்புவெளியில் நாற்பதில் உருட்டினால்
முள் பாதியைத் தாண்டாது.
கிந்தாவில் ஆரஞ்சு வாங்க நிறுத்தித்
தொட்டுப் பார்த்தால்
சுடும், அவ்வளவுதான்.
நெஃபாசித் கடந்து,
இரண்டாம் கியரில் எஞ்சின் கத்தக் கத்த ஏறும்போது
ஏழாவது கொண்டை ஊசியில்
முள் சிவப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

சக்கரத்துக்குக் கல் வைப்பேன்.
மலை முழுக்க மூடுபனி,
அதற்குள் என் ஒருத்தியின் நீராவி.
மதில்மேல் வரிசையாகப் பபூன்கள்,
டிக்கெட் எடுத்தவை மாதிரி.

ஃபியட் ஆயிரத்து நூறு.
ஐம்பத்தொன்பதில் பிறந்தது,
என்னைவிடப் பதினொரு வயது மூப்பு.

அஸ்மராவில் ஆளுக்கொரு தீர்ப்பு.
தெர்மோஸ்டாட் என்றார் எதிர்வீட்டுப் பல் மருத்துவர்.
கழற்றி, நூலில் கட்டி,
அடுப்பில் வைத்த சட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன்.
இந்த உயரத்தில் தண்ணீருக்கு
நூறு வரை பொறுக்க மனமில்லை,
தொண்ணூற்றிரண்டிலேயே கொதித்துவிடும்.
எண்பத்திரண்டில் தெர்மோஸ்டாட் வாய் திறந்தது,
பல் மருத்துவரின் நாற்காலியில் திறப்பது போல.
துடைத்துத் திரும்பப் பூட்டினேன்.

ஃபேன் பெல்ட், கட்டைவிரலுக்கு ஒரு விரற்கடை அமுங்கியது. சரி.
மூடி புதிது. ஜெத்தாவிலிருந்து நாத்தனார் பெட்டியில்
சோப்புகளுக்கு நடுவே வந்தது,
இன்னும் மணக்கிறது.
பம்புக்கு அடியில் ஈரமில்லை.
ரேடியேட்டரைக் கவிழ்த்துப் பின்வழியாக நீர் பாய்ச்சினேன்,
முற்றமெல்லாம் செம்மண் குழம்பு.
அப்பாடா என்று மறுவாரம் ஏறினேன்.
ஏழாவது வளைவு.
அதே பபூன்கள்.

'ஹெட் காஸ்கெட்டேதான், லெம்லெம்,' என்றார் ஸெம்ஹ்ரெத்,
துக்க வீட்டில் பேசும் குரலில்.
கையோடு ஒரு விலையும் சொன்னார்.
ஒவ்வொரு கொதிப்புக்கும்
அந்த விலை கொஞ்சம் இறங்கியது.
அளவுகோலை உருவி எண்ணெய் பார்த்தேன்,
பால் கலந்த காப்பி நிறம் இல்லை.
மூடி திறந்து ஓடவிட்டுப் பார்த்தேன்,
தண்ணீரில் குமிழி இல்லை.
அவர் விலையை ஏற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரையே கூப்பிட்டேன்.
'ஏறி உட்காருங்கள். நான் சொல்லும்போது மிதியுங்கள்.'
வாங்கப்போகிற வண்டி,
தன் வீட்டு நாற்காலியில் போலச் சாய்ந்துகொண்டார்.

மிதியுங்கள்.
ஒன்றுமில்லை.
இன்னும்.
ஒன்றுமில்லை.
மலை ஏறுகிற மாதிரி மிதியுங்கள்.

கீழ்க்குழாய்
மெல்லக் கன்னம் ஒட்டியது.
ஒட்டி ஒட்டி
உறிஞ்சிப் போட்ட பழத்தோலாய்த்
தட்டையாகிவிட்டது.

விடுங்கள்.
பொக்கென்று உருண்டது,
பூசினாற்போன்ற உடம்பு, ஒன்றும் அறியாத முகம்.

மிதியுங்கள். ஒட்டியது.
விடுங்கள்.

எத்தனை முறை அந்த வளைவில் நிறுத்தி
இதே குழாயை விளக்கடித்துப் பார்த்திருக்கிறேன்.
நிறுத்தியதே அதற்குத் தப்பிக்கும் வழி.
ஓடும்போது பம்ப் உறிஞ்சுகிறது, இது தொண்டையை அடைக்கிறது,
நான் இறங்கிவரும் நேரத்துக்குள்
மூச்சு இழுத்துச் சரியாகிவிடுகிறது.
இன்றைக்குத்தான் கையும் களவுமாக.

'என்ன, குமிழியா?' என்றார் இருக்கையிலிருந்து,
ஆவலை மறைக்கத் தெரியாமல்.

அறுத்துப் பார்த்தோம். உள்ளே
குழாயைத் தாங்க வேண்டிய சுருள்கம்பி
மூன்று வளையமும் ஒரு பிடி துருவுமாக இருந்தது.
பழைய கட்டிலிலிருந்து ஒரு சுருளை வெட்டி
எண்ணெய் தடவி
புதுக்குழாய்க்குள் திருகித் திருகி இறக்கினேன்.
இரண்டு நகம் போனது.

ஏழாவது வளைவில் முள் பாதியில் நின்றது.
எட்டாவதிலும்.
எட்டாவதை இதற்குமுன்
கொதிக்காமல் பார்த்ததில்லை;
அங்கே யாரோ ஒரு கற்றாழைக்கு நீல வண்ணம் அடித்திருக்கிறார்கள்,
எதற்கென்று தெரியவில்லை.
கண்ணாடியில் பபூன்கள் சிறுத்துப் போயின.

புதன்கிழமை ஸெம்ஹ்ரெத் வந்தார்.
கியர்பாக்ஸில் ஏதோ சத்தம் கேட்டதாம்.
கனிவாகத்தான் சொன்னார்.